உயிரோடிருந்த அக்காவைக் கொன்றவர்

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான், அவளுடைய பிணத்தைத் தேடிப் பொலிஸ் வந்தது.

என்னோடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, நமுனுகுல மலைச்சரிவில் அந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி ஓடித் திரிந்தவர்களே, உங்களில் சிலர் அன்றைக்கு அந்தப் பொலிஸ்காரரின் பின்னால் ஓடி வந்தீர்கள். வேடிக்கை பார்த்தது மறந்திருக்கலாம். நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியாது. அப்போது எனக்கே பாதிதான் தெரியும். மீதியை வளர்ந்த பிறகு ஒவ்வொருவரிடமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அது எழுபதுகளின் ஆரம்பம். எனக்குப் பத்து வயது இருக்கும். அரிசிக்குத் தட்டுப்பாடு, கோதுமை மாவும் அளந்துதான். ஐப்பசியில் பிடித்த மழை விட்டபாடில்லை. லயத்துக் கூரைத் தகரத்தில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஜீப்பைத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கீழே ரோட்டு முடக்கில் நிறுத்திவிட்டு, ஒரு பொலிஸ்காரரும் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் சேற்றில் ஏறி வந்தார்கள்.

கணக்கப்பிள்ளை எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் நின்று குனிந்து பார்த்தார். உள்ளே புகை. புகைக்குள்ளிருந்து அம்மா மாவுக் கையோடு எழுந்து வந்தாள். அவளைக் கண்டதும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"என்னங்கய்யா?" என்றாள் அம்மா.

"நீ இருக்கியா?"

"எங்க போவேன்? ரொட்டிக்குப் பெசஞ்சிக்கிட்டு இருக்கேன்."

கணக்கப்பிள்ளை பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளை, யாருக்கும் கேட்கக்கூடாத ஒன்றைச் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"ஒன் தம்பி விடிய எந்திரிச்சுப் பொலிசுக்குப் போயி, எங்க அக்காவ நான் கொன்னுட்டேன்னு சொல்லிருக்கான். ஒன்னயத்தான். பொணம் எங்கன்னு பாக்க வந்திருக்காங்க."

அம்மா சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். கையிலிருந்த மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டே சிரித்தவள், சட்டென்று நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அப்போது அவளே சின்னப் பிள்ளை. கல்யாணமாகி வந்தபோது சீதனத்துக்குப் பதிலாகத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று அப்பா கேலி செய்வார்.

மாமாவுக்கு ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது அந்த வாசனையும் கூடவே நுழையும். பழுத்துக் கன்றிப்போன பேரிக்காயின் வாசனை மாதிரி. லீவு நாளில் தன் வெள்ளைக் கென்வஸ் சப்பாத்துக்குச் சுண்ணாம்புக் கட்டி தேய்த்துக் காயவைப்பார். அதைப் போட்டுக்கொண்டு பதுளைக்குப் படம் பார்க்கப் போவார். வரும்போது பத்திரிகைத்தாளில் சுற்றிய தேன்குழல் வரும். அதன் சீனிப்பாணி தாளில் ஊறி எழுத்தெல்லாம் பலகாரத்தில் பதிந்திருக்கும். நான் எழுத்தோடு சேர்த்துத் தின்பேன்.

வாசல் ஓரம் ஆணியில் சிவப்புச் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி ஒன்று தொங்கியது. அதைப் பார்த்துத்தான் அவர் சவரம் செய்வார், சீட்டியடித்தபடி. அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் திருப்பி வைத்தேன். மறுநாள் மறுபடி சுவரைப் பார்த்திருந்தது. சீட்டியும் நின்றுபோயிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு உறைத்தது வேறொன்று. ஒரு நாள் காலையில் தேயிலைச் சாயத் தண்ணியை நீட்டினாள். மாமா கை நீட்டவில்லை.

"வச்சிருங்க. நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

"என்னடா புதுசா மருவாதி?" என்று கேட்டாள் அம்மா.

பிறந்ததிலிருந்து 'அக்கா, நீ' என்று பேசியவர். அன்றிலிருந்து அம்மாவை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். 'அக்கா' என்ற சொல்லே நின்றுவிட்டது. அப்பாவிடமும் என்னிடமும் எப்போதும் போலத்தான் பேசினார். அம்மாவிடம் மட்டும், ஊருக்குப் புதிதாய் வந்த பெண்ணிடம் பேசுவது போல ஒதுங்கி நின்று பேசினார். அவள் சமைத்ததைத் தொடுவதில்லை. அவள் முதுகு காட்டி நிற்கும்போது வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். அவள் திரும்பினால் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு பின்னேரம் நேராகவே கேட்டார். "எங்க அக்காவுக்குக் கைல ஒரு தழும்பு இருக்கும். காட்டுங்க பாப்போம்."

அவர் தவழும் வயதில் அடுப்புப் பக்கம் உருண்டு போனபோது இழுத்துக் காப்பாற்றியதில் பட்ட தழும்பு அது. அம்மா இடது கையைத் திருப்பிக் காட்டினாள். மாமா குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அச்சு அசலா செஞ்சிருக்காங்க" என்றார்.

அம்மாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அந்தக் கையை நான் இன்னும் பார்க்கிறேன்.

பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா, "வயசுக் கோளாறு, ஒரு கல்யாணத்தக் கட்டி வச்சா சரியாயிரும்" என்றார். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா, ஓடைப் பக்கத்துக் காத்துக்கறுப்பு என்றாள். பூனாகலைப் பக்கத்திலிருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். மாமாவின் கையைத் தூணோடு கட்டி, உடுக்கடித்து, சாட்டையால் விளாசினார்கள். பட்டப்பகலில், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில். ஒவ்வோர் அடிக்கும் மாமா "அக்கா! அக்கா!" என்று கத்தினார். எதிரில் நின்று அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அல்ல. வாசலைப் பார்த்து, வெளியே எங்கோ இருக்கும் ஒருத்தியைக் கூப்பிட்டார்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்த மருந்தையா மட்டும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பேயுமில்ல பிசாசுமில்ல, இது ஒரு சீக்கு. பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்து இருக்கு."

அப்பா போகவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பைத்தியக்காரக் குடும்பம்னு பேரு வந்துட்டா இந்தப் புள்ளய நாளைக்கு எவன் கட்டுவான்?" அந்தப் புள்ளை நான்தான். எனக்கு வரப்போகும், முகம் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்காக என் மாமாவுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டார்கள். அப்பா கெட்டவரல்ல. கடைசிக் காலத்தில், பதுளைக்குப் போகாமல் விட்ட அந்த ஒரு பஸ் பயணத்தைப் பற்றியே புலம்பிக்கொண்டு செத்தார்.

நெருங்கிய ஒருவரைப் பார்த்தால், அவரைப்போலவே வேஷம் போட்டு வந்த வேறொரு ஆள் என்று தோன்றும் நோய் ஒன்று உண்டாம். வெகு காலம் கழித்து ஒரு டொக்டர் எனக்கு விளக்கினார். எதிரில் இருப்பது அக்கா இல்லை. அப்படியானால் அக்கா எங்கே? அக்காவுக்கு என்ன ஆயிற்று? மாமா அந்த மழையில் இதையே கேட்டுக் கேட்டு உருகியிருக்கிறார். கடைசியில் அவருக்கு அகப்பட்ட பதில், நான்தான் கொன்றிருப்பேன் என்பது. கொன்றவன் போய்ச் சொல்லவேண்டிய இடம் பொலிஸ். சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மலையிறங்கி, ஒழுங்காகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவை அதே ஜீப்பில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். நான் அவள் சேலையை விடாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அப்பா பின்னால் பஸ்ஸில் வந்தார்.

பொலிஸ் ஸ்டேஷனுக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். தோட்டத்து ஆட்களைப் பிடித்து வந்தால் தமிழைச் சிங்களத்தில் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து நின்றார். மாமா கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். அந்த வெள்ளைச் சப்பாத்து அதற்குப் பிறகு எங்கள் கண்ணில் படவேயில்லை.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "டேய் தம்பி, இங்க பாரு. நான்தாண்டா. உசுரோட நிக்கிறேன்ல. சார்கிட்ட சொல்லுடா."

மாமா அவளைப் பார்த்தார். பாவப்படுவது போலப் பார்த்தார். பிறகு நானாவிடம் சொன்னார். "மொதலாளி, இவங்கள வீட்டுக்கு அனுப்பிருங்க. சின்னப் புள்ளய வேற கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. இவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எங்க அக்காவ நான்தான் கொன்னேன். என்னயத் தூக்குல போடச் சொல்லுங்க."

நானா மொழிபெயர்க்க மொழிபெயர்க்கப் பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. சிரித்து முடித்துவிட்டு மாமாவை எங்களோடு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். சார்ஜன்ட் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். நானாவின் முகம் மாறியது.

"என்ன நானா கேக்குறாரு?" என்றாள் அம்மா.

"அக்கா உசிரோட நிக்கிறா எண்டா, அப்ப இவன் கொலை செஞ்சது யார எண்டு கேக்குறார்."

அதற்கு முந்திய வாரம்தான் பாலத்துக்குக் கீழே ஓயா ஆற்றில், பாறை இடுக்கில் ஒரு பெண்ணின் பிணம் ஒதுங்கியிருந்தது. கழுத்தில் வெட்டு. தோட்டத்துப் பெண் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சந்தையில் அதுதான் பேச்சு. இப்போது, ஒரு பெண்ணைக் கொன்றேன் என்று தானாகவே நடந்து வந்து சொல்லும் ஆள் கிடைத்துவிட்டார். அவர் சொல்லும் பெண் உயிரோடு எதிரில் நிற்கிறாள் என்பது அவர்களுக்கு இடைஞ்சலாகவே படவில்லை. பெயரைத்தான் மாற்றிச் சொல்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க மாமா காம்பராவை விட்டு நகரவேயில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். அதை யாரும் எழுதவில்லை.

வெளியே வந்ததும் நானா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, அந்த ஆத்துப் பொணத்த இவர்ட தலையில கட்டப் பாக்குறாங்க. இவருக்குச் சொகமில்லண்டு பெரிய டொக்டர் ஒருத்தர் சொல்லணும். வேற வழி இல்ல."

எந்தப் பேருக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார்களோ, அந்தப் பேரையே இப்போது கெஞ்சிக் கேட்கவேண்டி வந்தது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோர்ட்டுக்கு வந்த அன்று மாமாவின் உதடு வீங்கியிருந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. விழுந்துவிட்டாராம். குற்றவாளிக் கூட்டில் நின்றவர், கேட்ட கேள்விக்கெல்லாம் பணிவாகத் தலையாட்டினார். நீ கொன்றாயா? ஆமாங்க. ஓயாவில் போட்டாயா? ஆமாங்க. எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் ஆமாங்க என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்குத் தண்டனை வேண்டியிருந்தது.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஐயா, அந்தச் செத்துப்போன அக்கா நான்தாங்க!"

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. பின்வாங்கில் இருந்தவர்கள், கறுப்புக் கோட்டுக்காரர்கள், வாசலில் நின்ற கச்சான் கடலை விற்கிறவள் வரைக்கும். ஒரு மனுஷியின் வாழ்க்கையே நொறுங்கும்போது இத்தனை பேர் ஒன்றாகச் சிரிக்கமுடியும் என்பதை அன்றுதான் கண்டேன். என்னை விட்டால், சிரிக்காதவர்கள் மூன்றே பேர். அம்மா, மாமா, நீதவான்.

நீதவான் மேசையைத் தட்டினார். அம்மாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் வந்து சொன்னார்.

"ஒன் தம்பிக்குப் புத்தி சொகமில்லன்னு ஐயாவுக்கே தெரியுது. டொக்டர் பாக்கச் சொல்லிருக்காரு. சொகமானதும் வழக்க விசாரிப்பாங்க. அதுவரைக்கும் ரிமாண்டுதான்."

"சொகமாகலன்னாங்க?" என்று கேட்டாள் அம்மா.

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்விதான் எங்கள் வீட்டில் வருடக்கணக்காகக் குடியிருந்தது. கொலை செய்து தண்டனை பெற்றவனுக்குக்கூட வெளியே வரும் நாள் ஒன்று உண்டு. மாமாவுக்கு அது இல்லை. சுகமானால்தான் வழக்கு, வழக்கு முடிந்தால்தான் விடுதலை, உள்ளே இருக்கும்வரை சுகமாக வழியில்லை. கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது கைகால் மரக்கட்டை மாதிரி விறைத்து, வாயோரம் எச்சில் வடிந்தது. ஆனால் கண்ணில் கொஞ்சம் தெளிவு இருந்தது. என்னைப் பார்த்து, "படிக்கிறியா தாயி?" என்று கேட்டார். ரிமாண்டில் அந்த மருந்து தொடர்ந்து கிடைக்கவில்லை. சில மாதத்தில் தெளிவு போய்விட்டது.

அம்மா மாதா மாதம் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போவாள். முதலில் அவர் வாங்கவில்லை. பிறகு, பசி தாங்காமல்தான் என்று நினைக்கிறேன், கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கையும் நீட்டி வாங்குவார். "ரொம்ப ஒபகாரங்க" என்பார். அம்மா வீடு வரைக்கும் அழாமல் வருவாள். ஜெயில் வாசலில் அழுதால் அடுத்த தடவை உள்ளே விடமாட்டார்களோ என்று பயம்.

ஆற்றுப் பிணத்தின் கதை இடையில் வெளிவந்துவிட்டது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் மகளைத் தேடி வந்து, ஸ்டேஷனில் வைத்திருந்த மெட்டியையும் சேலைத் துண்டையும் பார்த்து அடையாளம் சொன்னாள். புருஷன்காரன் பிடிபட்டான், ஒப்புக்கொண்டான். அவனுக்கு வேறொரு கோர்ட்டில் வழக்கு நடந்து, தண்டனையும் கிடைத்துவிட்டது.

செய்தி கேட்ட அன்று அம்மா மாமாவின் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மழையில் காயாததால் அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தாள். காலையில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெயில் வாசலில் போய் நின்றாள்.

"கோர்ட்டு ஓடர் ஒண்ணும் வரல்லியே" என்றார் காவலாளி.

பொலிசுக்குப் போனாள், கோர்ட்டைக் கேள் என்றார்கள். கோர்ட்டில் டொக்டரின் ரிப்போர்ட் வரவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில், ஆளை மறுபடி கொண்டுவந்தால்தானே ரிப்போர்ட் எழுதலாம் என்றார்கள். ஆளைக் கொண்டுவர வேண்டியது ஜெயில். ஜெயிலில், ஓடர் வரவில்லை என்றார்கள். கொலைகாரன் வேறொருவன் என்று ஊருக்கே தெரியும். அதை மாமாவின் வழக்கோடு சேர்த்துச் சொல்லும் வேலை மட்டும் யாருடையதும் இல்லை. அதனால் யாரும் சொல்லவில்லை.

அந்த வருடங்களில்தான் நம் லயங்கள் காலியானது உங்களுக்கு ஞாபகமிருக்கும். இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறப் போனார்கள். எங்களுக்கும் பாஸ்போட் வந்தது. அப்பா தகரப் பெட்டிகூட வாங்கிவிட்டார். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அவன உள்ள வச்சிட்டு நான் எங்கயும் வரமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க." பெட்டி மூலையில் துருப்பிடித்தது. நாங்கள் இங்கேயே தங்கிப்போனதன் காரணம் அதுதான். ஊரில் பல காரணம் சொன்னார்கள்.

நான் பெரிய பிள்ளையானபோது பச்சை ஓலை கட்ட மாமன் இல்லை. வேறு யாரையாவது நிறுத்தலாம் என்றார்கள். அம்மா கேட்கவில்லை. மாமன் சீர் இல்லாமலே எனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

கடைசியில் வழி காட்டியது அந்தத் துணிக்கடை நானாதான். வருடக்கணக்காக ஒரே பெண் ஒரே பையோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடப்பதைக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், துணி எடுக்க வந்த ஒரு சட்டத்தரணியிடம் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லையாம். பிறகு தானே போய் விசாரித்துவிட்டு, ஒரு நாள் அம்மாவைக் கோர்ட்டுக்கு வரச்சொன்னார். நானும் போனேன். நீதவான் மாறியிருந்தார். சட்டத்தரணி எழுந்து, "இந்த மனிதர் யாரைக் கொன்றதாக ரிமாண்டில் இருக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்" என்றார். நீதவான் காகிதங்களைப் புரட்டினார், திகதியைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மாமாவை விடச் சொல்லி இரண்டு வரி சொன்னார். அவ்வளவுதான். என் பிள்ளைப் பருவத்தையே தின்ற வழக்கு, சாயத் தண்ணி கொதிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கோர்ட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஜெயில் வாசலுக்கு எதிரே மதிலோரமாக நானும் அம்மாவும் நின்றோம். மாமா வந்தார். முடி பாதி நரைத்திருந்தது. வெயில் கூசி, கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றவர், அம்மாவைக் கண்டதும் கும்பிட்டார்.

"நீங்க இன்னிக்கும் வந்துட்டீங்களா?"

இத்தனை வருடமும் ஒவ்வொரு தடவையும் "நான்தாண்டா ஒன் அக்கா" என்று கதறியவள் அவள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"வாங்க, எங்க வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

தன் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை 'வாங்க' என்றாள்.

மாமா தயங்கினார். "நான் எங்க அக்காவக் கொன்னவன். என்னய வீட்டுல வச்சுக்குவீங்களா?"

"வச்சுக்குவேன். வாங்க."

மாமா வந்தார். அதற்குப் பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஓர் ஊசி. அன்று மருந்தையா சொன்ன அதே ஆஸ்பத்திரி, அதே பஸ். ஊசி போடத் தொடங்கியதும் பயங்கள் அடங்கின. தூங்கினார், தின்றார், லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் லீக்ஸும் போட்டார். சவரம்கூட அவரே செய்துகொண்டார். ஒன்று மட்டும் திரும்பவில்லை. அம்மா அவருக்கு 'அந்தம்மா'தான். சோறு போட்டால், "ஒங்களுக்கு எத்தன செரமம்" என்பார். அம்மாவும் 'வாங்க, போங்க' என்றே பேசப் பழகிக்கொண்டாள். சில பின்னேரங்களில் அவர் அம்மாவிடம் தன் அக்காவைப் பற்றிச் சொல்வார். அக்கா எப்படித் தூக்கி வளர்த்தாள், எப்படிக் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று. அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

எண்பதுகளின் நடுவில் அம்மா போனாள். நெஞ்சு வலி என்றாள், விடிவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது கல்யாணமாகிப் பண்டாரவளையில் இருந்தேன். செய்தி கேட்டு ஓடி வந்தபோது அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மாமாவைக் காணவில்லை. காலையில் அவளைப் பார்த்தவர், பேசாமல் இறங்கிப் போனாராம்.

எனக்கு அழுகைகூட நின்றுவிட்டது. ஒரேயொரு நினைப்புத்தான். பொலிசுக்குப் போயிருப்பார். அந்தம்மாவையும் நான்தான் கொன்றேன் என்று சொல்லப் போயிருப்பார். என் வீட்டுக்காரரை டவுனுக்கு ஓடச் சொன்னேன்.

இங்கே, குளிப்பாட்டி முடித்ததும் ஒரு பெரியவர் கேட்டார். "பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுறது?"

பெண் செத்தால் முதலில் விழவேண்டியது பிறந்த வீட்டுத் துணி. தம்பி கொண்டுவர வேண்டும். தூரத்து உறவு ஒருவரைப் போடச் சொல்லலாமா என்று பேச்சு எழுந்தது.

அந்த நேரம் மாமா வந்தார். நனைந்திருந்தார். கக்கத்தில் ஒரு பார்சல். அந்த நானாவின் கடைத் தாள். நேராக உள்ளே வந்து, பிரித்து, அரக்கு நிறப் புதுச் சேலை ஒன்றை அம்மாவின் மேல் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார். ஓரங்களை இழுத்து ஒழுங்காக்கினார். காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். "கடைசில அக்காவக் கண்டுக்கிட்டானே! செத்த பொறவாவது கண்டுக்கிட்டானே!" என்று பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அத்தனை வருடத்துக்கும் அந்த ஒரு நிமிடம் போதும் என்றுகூட நினைத்தேன்.

காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, போஞ்சிப் பாத்தி ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"மாமா, அம்மாவ ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"என்ன தாயி தெரியணும்? நல்ல மனுஷி. அந்தம்மாவுக்குப் பொறந்த வீட்டு ஆளுங்க ஒருத்தரும் வரலியே. வெறுமனே அனுப்பக் கூடாதுன்னுதான் நான் போட்டேன்" என்றார். பிறகு குரல் உடைந்துவிட்டது. "எங்க அக்காவுக்குத்தான் என்னால ஒண்ணும் போட முடியல."